வானத்திலும் வேலி

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால், அவற்றுக்கிடையேயான தூரத்தைக் கணினி நொடியில் சொல்லிவிடும். பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர். கணக்குச் சரிதான். ஆனால் பின்லாந்து விமானத்தில் ஏறுகின்ற பயணிக்கு அந்தக் கணக்கு இப்போது உதவாது.

2022 பெப்ரவரி வரை சைபீரியாவின் மேலாக நேரே பறந்து, ஒன்பது பத்து மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்தார்கள். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் தனது வான்பரப்பை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. அடுத்த மாதமே பின்னேர் நிறுவனம் வட துருவத்தின் வழியாகப் பறக்கத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 12,900 கிலோமீற்றர். நேரம் பதின்மூன்று மணி. துருவத்தைக் கடந்தமைக்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் ஒன்றும் வழங்கினார்கள்!

இதே நிறுவனம் 1983இல் சோவியத் வான்பரப்பைத் தவிர்த்து, துருவத்தின் வழியாகவே டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையை ஆரம்பித்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். விமானங்கள் எவ்வளவோ முன்னேறிய பின்னரும் அரசியல் பயணிகளைப் பழைய பாதைக்கே அனுப்பிவிட்டது. சீன விமானங்களோ ரஷ்யாவின் மேலாகவே ஐரோப்பாவுக்குச் சென்று வருகின்றன. ஆக, பயண நேரம் விமானத்தின் வேகத்தை மட்டுமன்றி, அது எந்த நாட்டு விமானம் என்பதையும் பொறுத்திருக்கின்றது.

தன் வான்பரப்பின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறைமை உண்டென்று 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை கூறுகின்றது. எனவே மூடுவது சட்டவிரோதமன்று. மூடாமல் விடுவதும் ஆபத்தாகலாம். 2014 யூலை 17ஆம் திகதி, கீழே போர் நடந்துகொண்டிருக்க, கிழக்கு உக்ரைனின் உயர்வான்வழி திறந்தே இருந்தது. அவ்வழியே சென்ற மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அதனுடன் ஒப்பிட்டால் கூடுதலான மூன்று, நான்கு மணி நேரம் பெரிய இழப்பன்று.

எனது ஆதங்கம் வேறு. நீண்டுவிட்ட பயணத்தை விமானக் கம்பனியின் சிக்கலாகவும் பயணச்சீட்டின் விலையாகவும் மட்டுமே நாம் பார்க்கின்றோம். எரிந்து தீரும் எரிபொருளும் கரையும் நேரமும் போரின் செலவுக் கணக்கில் எழுதப்படுவதில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பலாலியிலிருந்து வடக்கே சென்னைக்கு ஏறத்தாழ 360 கிலோமீற்றர்தான். ஆயினும் 2019 நவம்பரில் அந்தச் சேவை மீண்டும் தொடங்கும்வரை, தரைவழியே தெற்கே கட்டுநாயக்கா வரை சென்று, அங்கிருந்து விமானமேறி வடக்கே திரும்பினோம். அந்த நாட்களில் நாம் கடந்த தூரம் எந்த வரைபடத்திலும் இல்லை.