லட்ச ரூபாய் சைக்கிளும் ரெண்டு ஓட்டையும்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சூடான மேட்டர். சைக்கிள் கிளப் நண்பர்கள் அடிக்க வராதீங்க :-)

பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தது. 2001ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்த அதே இலவச சைக்கிள் திட்டம்தான். இரும்பு. கனம். ஆனால் பின்னாடி கேரியர் உண்டு. கீழக்குயில்குடிக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கும் நடுவில் நான் அதில் ஏற்றாத சாமான் கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தங்கச்சி.

எங்க அத்தான் போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு கார்பன் சைக்கிள் வாங்கினார். புதுசில் லட்சத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை சமணர் மலைப் பக்கம் பறந்துகொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை. அத்தை தைக்கும் ஜாக்கெட் மூட்டையை அதிலேயே டவுன் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டால் என்ன? பஸ் காசு மிச்சம்.

"கேரியர் போடணும்ணே" என்று ஒரு கடையில் போய் நின்றார். "எந்த சைக்கிளா இருந்தா என்ன தம்பி" என்று சொல்லிவிட்டு, சீட்டுக்குக் கீழே இருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் கம்பியில் டியூப் ரப்பரைச் சுற்றி, கிளாம்ப் வைத்து, ஸ்பேனரால் முறுக்கினார் கடைக்காரர். டிக்கென்று ஒரு சத்தம். மயிரிழை விரிசல். சைக்கிள் காலி. மறுநாள் அத்தை மூட்டையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றதைப் பார்த்ததில் இருந்துதான் எனக்கு இந்தக் கோபம்.

கடைக்காரர் செய்தது தப்பு. இரும்புக் குழாயை நசுக்கினால் வளையும், நிமிர்த்தலாம், வெல்டிங் வைக்கலாம். கார்பன் என்பது இழைகளைப் பசையில் அடுக்கிச் செய்வது. இழை ஓடும் திசையில் இழுத்தால் அசையாது, பக்கவாட்டில் ஒரே இடத்தில் கவ்வி நெருக்கினால் உள்ளுக்குள் பிளக்கும். பல சமயம் வெளியே தெரியவும் தெரியாது, ஓட்டும்போதுதான் தெரியும்.

ஆனால் என் பெரிய சண்டை அவரோடு இல்லை, செய்து விற்கிற கம்பெனிகளோடு. பின் அச்சுக்குப் பக்கத்தில் மறை போட்ட ரெண்டு ஓட்டை வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. கேட்டால் எடை கூடுமாம். சில கிராம் ஐயா! பந்தயச் சைக்கிளே 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் 2000லேயே விதி போட்டாச்சு. கார்பனில் மறை வைக்க முடியாது என்பதும் புளுகு. தண்ணி பாட்டில் மாட்ட அதே ஃப்ரேமில் உலோக மறை பதித்துத்தானே தருகிறீர்கள்? ட்ரெக் செக்பாயிண்ட் கார்பன் மாடலில் கேரியருக்கே இடம் விட்டிருக்கிறார்களே, அது உடைந்தா போச்சு?

அடுத்து நம்ம ஆட்கள். "கார்பன்ல கேரியரா? பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கும்"னு சிரிக்கிறாங்க. இருக்கட்டுமே! அவர் சைக்கிள் தினமும் சம்பாதிக்குது, உங்க சைக்கிள் வாரம் ஒரு நாள் போட்டோவுக்கு நிக்குது. தேய்மானக் கணக்கு படித்தவன் சொல்கிறேன், எது சொத்து எது செலவு என்று நீங்களே பாருங்கள்.

ஓட்டை இல்லாத கார்பன் வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பின் அச்சிலேயே கால் ஊன்றும் கேரியர்கள் வருகின்றன. பாரம் அச்சுக்குப் போகும், ஃப்ரேமை எதுவும் கவ்வாது. மேல்பக்கத்துக்கு சீட் தண்டை இறுக்கும் வளையத்தை மாற்றி, ஓட்டை வைத்த அலுமினிய வளையம் போட்டால் போதும். அதில் எழுதியிருக்கும் டார்க் அளவுக்கு மேல் முறுக்காதீர்கள். சீட் தண்டில் மாட்டும் கேரியர் என்றால், முதலில் கார்பன் தண்டைக் கழற்றிவிட்டு அலுமினியத் தண்டு போடுங்கள். அதுவும் பத்து கிலோ சுமாருக்குத்தான் தாங்கும். இன்னொன்று, பந்தய வண்டியில் பின்சக்கரம் பெடலுக்கு ரொம்பக் கிட்டே இருக்கும். பக்கவாட்டில் பை தொங்கவிட்டால் குதிகால் இடிக்கும். மூட்டையை மேலேயே கட்டுங்கள்.

அத்தான் இப்போது என் இலவச சைக்கிளில்தான் ஜாக்கெட் மூட்டை கொண்டுபோகிறார். நான் காலேஜுக்கு பஸ்.

பி.கு: மதுரைப் பக்கம் கார்பன் விரிசலை ஒழுங்காக ஒட்டுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், புண்ணியமாப் போகும்.