தைப்பிங் போர்க் கல்லறை: பராமரிப்புச் செலவை யார் கொடுக்கிறாங்க?

புக்கிட் லாருட் மலைக்குப் போற வழியில், சாலையின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். பார்த்திருப்பீங்க. அதுதான் தைப்பிங் போர்க் கல்லறை. மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங். அங்கே கல்லில் பாசி படிய அதிக நாள் ஆகாது. ஆனாலும் புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கு. எப்படி?

யார் அங்கே இருக்கிறாங்க?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தபோது ஜித்ரா, கம்பார் போன்ற இடங்களில் எதிர்த்து நின்றதில் பெரும்பங்கு இந்திய ராணுவத்தின் 11ஆவது டிவிஷனுக்கு உண்டு. போருக்குப் பிறகு, பல இடங்களில் புதைக்கப்பட்டவர்களை ஒன்றாகக் கொண்டுவர உருவாக்கப்பட்ட இடம் இது. 850க்கும் அதிகமான கல்லறைகள். அதில் 500க்கும் மேற்பட்டோரின் பெயர் தெரியாது. ஒரு பக்கம் கிறிஸ்துவர்கள், எதிர்ப்பக்கம் மற்ற சமயத்தினர்.

பணம் எங்கிருந்து வருது?

1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்தான் பொறுப்பு. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய 6 நாடுகள் தங்கள் வீரர்களின் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தருகின்றன. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை.

பதவி, இனம், சமயம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பது ஆணையத்தின் கொள்கை. ஆனால் முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதை 2021இல் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அப்போ சயாம் மரண ரயில்?

இங்கேதான் சிக்கல். 415 கிலோமீட்டர் பாதை. அதைப் போடும்போது ஏறக்குறைய 13,000 போர்க் கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பராமரிக்கப்படும் கல்லறை இருக்கு. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நம்ம தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களும் அதில் அடக்கம். அவர்கள் ராணுவத்தினர் அல்ல. அதனால் ஆணையத்தின் பொறுப்பில் வரமாட்டார்கள். பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை.

ஆக, பராமரிப்பு என்பது புல் வெட்டுவது மட்டும் இல்லை. யாருடைய பெயர் யாருடைய கணக்கில் இருக்கு என்பதும்தான்.

நாம என்ன செய்யலாம்?

ராணுவத்தில் இருந்து இறந்தவர் என்றால், ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். ரயில் பாதைக்குப் போனவர் என்றால், வீட்டுப் பெரியவங்களைக் கேட்பதுதான் முதல் வழி. எந்தத் தோட்டம், யார் போனாங்க, யார் திரும்பி வரலை? கேட்டு, எழுதி வைங்க.  சொல்லக்கூடியவங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.