கேலியாகக் கேட்ட ஒரு கேள்வி

பெல்ஜிய இயக்குநர் லூகாஸ் டோன்டின் 'குளோஸ்' திரைப்படம் 2022ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ விருதைப் பகிர்ந்துகொண்டது. சிறுவர்களின் முகபாவங்களைக் கொண்டே கதை சொல்லும் படம் என்று பலர் பாராட்டினர். ஒரு சிறுவனின் மரணத்தைக் காட்டிக் கண்ணீரை வலிந்து வரவழைக்கிறது என்று சிலர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு; இறந்துபோகும் ரெமியின் உள்ளத்தைப் படம் நமக்குத் திறந்து காட்டவில்லை. ஆயினும், பெற்றோராகிய நாம் கவனிக்க வேண்டியது மரணத்திற்கு முந்தைய பகுதியையே.

லியோவும் ரெமியும் 13 வயதுத் தோழர்கள். உடன்பிறந்தோர் போல வளர்ந்தவர்கள். புதிய பள்ளியில் ஒரு மாணவி, "நீங்கள் இருவரும் காதலர்களா?" என்று கேட்கிறாள். லியோ மறுக்கிறான். கேலி தொடர்கிறது. பிறர் பேச்சுக்கு அஞ்சிய லியோ, காரணம் சொல்லாமலேயே நண்பனை விட்டு விலகுகிறான். அதைத் தாங்க இயலாத ரெமி தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. நம் பிள்ளைகள் அவ்வசனத்தை மனனம் செய்திருக்கிறார்கள். ஆனால் மதரஸா வாசலைத் தாண்டியதும் மென்மையான ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் வைக்கும்போது, நாமும் சேர்ந்து சிரித்துவிடுகிறோம். ஒரு தோழரை நேசிப்பதாகச் சொன்ன மனிதரிடம், அதை அவருக்குத் தெரிவித்துவிட்டீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், தெரிவிக்குமாறு பணித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. அல்லாஹ்வுக்காக நேசிப்பதை வாய்விட்டுச் சொல்வது சுன்னத்தாக இருக்க, அதை ஆண்மைக்குக் குறைவென்று நம் மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

படத்தின் பிற்பகுதியில் லியோ அழுவதற்கே வழியற்றுத் திரிகிறான். கை முறிந்து கட்டுப்போடும் வேளையில்தான் அவனுடைய அழுகை வெடிக்கிறது. உடல் வலி என்றால் அழலாம், மனவலிக்கு அழக்கூடாது என்று அவன் எங்கோ கற்றிருக்கிறான். நம் வீடுகளிலும், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்பது அன்றாடப் பேச்சு. தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தைச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. தன்னால்தான் நண்பன் இறந்தான் என்று உள்ளுக்குள் நொந்து கிடக்கும் சிறுவனுக்கு யார் ஆறுதல் சொல்வது?

அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அக்குருவியைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். ஒரு குருவிக்கான துக்கமே அவ்வளவு மதிக்கப்பட்டதென்றால், ஒரு தோழனுக்கான துக்கம் எவ்வளவு மதிக்கப்பட வேண்டும்!

முன்பு தினமும் நம் வீட்டுக்கு வந்து, இப்போது வராமல் போன பையன் ஒருவன் இருக்கக்கூடும். அவனைப் பற்றி இன்றிரவு மகனிடம் மெல்லக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் அருகிலேயே அமர்ந்திருங்கள்.