"வீடு தெரியுமேக்கா"

காணொளி நேர்காணலுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தச் சட்டை போடலாம் அக்கா?" என்றுதான். இஸ்திரி போட்ட எந்தச் சட்டையும் சரி. (கீழே கைலி வேண்டாம். எழுந்து கதவைச் சாத்த வேண்டி வரலாம்.) வானொலிக்காரி ஆயிற்றே, நான் திருப்பிக் கேட்பது: "எந்த அறையில் உட்காரப் போறீங்க?"

படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் எதிரொலித்தால் கேட்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார். ஓடு பதித்த தரையும் வெற்றுச் சுவரும் உள்ள வரவேற்பறையில் ஒலி பட்டுத் திரும்பும். மெத்தை, திரைச்சீலை, துணிமணி எல்லாம் அதை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவர்களில் பஞ்சுபோன்ற பலகைகள் இருப்பதும் இதற்காகத்தான்.

அண்மையில் ஒரு தம்பி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்தவர். மூன்று நேர்காணல்கள் கைகூடாமல் நான்காவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மூவறை வீட்டில் ஐந்து பேர். அவருக்கென்று அறை கிடையாது. ஒத்திகைக்கு என்னை அழைத்தபோது பின்னணியில் கடற்கரைப் படம் போட்டிருந்தார். தலையை அசைத்தால் ஒரு காது காணாமல் போனது. "எடுத்துடு தம்பி" என்றேன்.

"வீடு தெரியுமேக்கா" என்றார் மெதுவாக.

உன் வீட்டைப் பார்க்கவா வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மூன்று முறை 'இல்லை' கேட்டவருக்கு அது போதாது. பாட்டியின் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னேன். பின்னால் சாத்திய திரைச்சீலை. எதிரே, மடிக்கணினிக்கு அந்தப் பக்கம், துணி அலமாரியைத் திறந்துவைத்தார். கேமராவுக்கு அது தெரியாது. எதிரொலி மட்டும் அடங்கிவிட்டது. மின்விசிறியை நிறுத்தி, மைக் வைத்த காதொலிக் கருவியை மாட்டியதும் குரல் பக்கத்தில் வந்தது. அந்த நாளில் பாட்டி தொலைக்காட்சித் தொடரையும் அம்மா குக்கரையும் அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் புதுப்பிப்புப் பணி அறிவிப்பையும் படித்துவிடுங்கள். வீவக வீடுகளில் துளையிடுவது போன்ற இரைச்சல் வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை அனுமதி. நேர்காணல்களும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். முதல் நாளே மேல்மாடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கேட்டால் பலரும் விட்டுக்கொடுப்பார்கள்.

இப்போது சில நிறுவனங்கள் எதிரில் ஆளே இல்லாமல் நேர்காணல் வைக்கின்றன. கேள்வி திரையில் வரும். பதிலைப் பதிவுசெய்து அனுப்பவேண்டும். நன்றாகப் பேசுபவர்களுக்கே இதில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. யாரும் தலையாட்டாத அறையில் பேசுவது எங்களுக்கு அன்றாடப் பிழைப்பு. நான் மனத்தில் ஒரே ஒரு நேயரை வைத்துக்கொள்வேன்: என் சின்னம்மா. கேமராவுக்குப் பக்கத்தில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவரின் படத்தை ஒட்டுங்கள். "போன வேலையில என்னதான் செஞ்சே?" என்று அவர் கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ, அப்படிச் சொல்லுங்கள்.