கொடை யாருக்கு?

"பேயும் பிசாசும் படிப்பறிவில்லாதவன் கற்பனை, அதற்கொரு திருவிழா ஒரு கேடா?" என்று நம் வகுப்பறைகளில் கேட்கும் நண்பர்கள் உளர். கேள்வி நியாயமானதே. மாண்டவர் எழுந்து வருவார் என்று நானும் நம்பவில்லை. ஆயினும் நெல்லை, குமரி மாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி, ஆவணி வரை ஊர் ஊராக நடைபெறும் கொடை விழாவை 'மூடநம்பிக்கை' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

கொடை பெறும் தெய்வங்கள் எல்லாரும் கயிலாயத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் அல்லர். ஒரு பெரும்பகுதியினர் இதே மண்ணில் பிறந்து, இதே மண்ணில் கொல்லப்பட்டவர்கள். வில்லிசைக்காரர்கள் இவர்களை 'இறந்துபட்ட வாதைகள்' என்பர். ஆயுள் முடியுமுன் மாண்டதால் அவர்தம் ஆவி அமைதியின்றி அலையும், நோயாகவும் மழையின்மையாகவும் ஊரை வருத்தும், பீடம் போட்டுக் கொடை கொடுத்தால் அடங்கும் என்பது நம்பிக்கை. பேரன் பேத்தி கண்டு, பாயில் படுத்துக் கண்ணை மூடிய கிழவருக்கு இப்படி யாரும் பீடம் போடுவதில்லை. வெட்டுண்டவனுக்கும், வஞ்சிக்கப்பட்டு மாண்ட பெண்ணுக்குமே பீடம். பல ஊர்களில் கொன்றவன் குடும்பமே அச்சத்தால் கும்பிடத் தொடங்கியது என்றும் சொல்வார்கள். அந்த அச்சத்திற்குப் பெயர் பேய்ப்பயந்தானா? மனச்சாட்சி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு அல்லவா?

சரி, அலையும் ஆவியை அடக்குவது எது? ஆடும் கோழியும் பொங்கலும் என்போம். கொடை இரவில் ஒரு முறை விழித்திருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வில்லின் மணிகள் குலுங்க, குடமும் உடுக்கும் ஒலிக்க, புலவர் கதையைப் பிறப்பிலிருந்து தொடங்குவார். யார் பெற்ற பிள்ளை, எவரை விரும்பினான், எந்த இடத்தில் மறித்தார்கள், முதல் வெட்டு எங்கே விழுந்தது என்று ஒன்று விடாமல் ஊர் நடுவே பாடுவார். பெரும்பாலும் அந்தச் சாவைப் பாடும் கட்டத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அந்த வேளையில் பாட்டுக் கேட்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாண்டவன் கேட்பது இரத்தமன்று, தன் வழக்கைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த நீதிமன்றத்திலும் ஏறாத வழக்கு அங்கே ஆண்டுதோறும் வாசிக்கப்படுகிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தணனாகப் பிறந்தவன், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கப் பூணூலை அறுத்தான், செருப்புத் தைத்தான். மாடு கவர வந்தவர்களோடு பொருது வஞ்சகமாகக் குத்துண்டு மாண்டான். பெண்கள் இருவரும் தீப்பாய்ந்தனர். பாபநாசத்திற்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு மக்கள் இன்றும் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஆடி அமாவாசையன்று அங்கே கூடும் கூட்டம் கொஞ்சமன்று!

இக்கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. பிற்காலத்தில் எவரோ அதில் கை வைத்திருப்பதை அவர் சுட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டுக் குழந்தைகளாம், காட்டில் கிடந்ததை எடுத்து வளர்த்தார்களாம்! எவ்வளவு சாமர்த்தியமான திருத்தம் பாருங்கள். பீடத்தை இடிக்கவில்லை, படைப்பை நிறுத்தவில்லை. கதையின் முதுகெலும்பை மட்டும் மெல்ல உருவிவிட்டார்கள்.

இன்று அந்தச் சிரமமும் வேண்டாமென்று பாட்டையே சுருக்கி வருகிறோம். பல ஊர்க் கொடைகளில் வில்லுப்பாட்டு சடங்குக்கு ஒரு மணி நேரம். பிறகு இன்னிசைக் கச்சேரி, ஆடல் பாடல், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. மின்விளக்கு அலங்காரத்திற்குத் தாராளமாகச் செலவிடும் விழாக் குழு, புலவரிடம் பேரம் பேசுகிறது. கதை இல்லாத கொடை, வாய்தா வாங்கக் கொடுக்கும் கையூட்டுப் போன்றது.

"கொன்றவனைத் தண்டிக்காமல் மாண்டவனைச் சாமியாக்குவது தப்பிக்கும் வழியன்றோ?" என்று முற்போக்கு நண்பர் ஒருவர் மடக்கினார். ஓரளவு உண்மைதான். பட்டவராயனுக்குச் செருப்புக் கட்டும் நாட்டில்தான், 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறி மணந்த ஒரு பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நம் வயதினர். கும்பிட்ட கை வேறு, கதையைக் கேட்ட காது வேறு என்றாகிவிட்டது. அதற்காகக் கதையையும் நிறுத்திவிட்டால் மிஞ்சுவது கும்பிடு மட்டுந்தானே?

கோடை விடுமுறையும் கொடைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஊருக்குப் போகும் மாணவ நண்பர்கள் ஓரிரவு விழித்திருந்து, தம் ஊர்ப் பீடத்தில் நிற்பவர் யார், எதற்காக மாண்டார், கதையில் எந்த இடத்தைப் புலவர் இப்போது தாண்டிப் போகிறார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். தமிழ்த்துறை அவற்றைத் தொகுத்து நம் நூலகத்தில் வைக்குமானால், அடுத்த ஆண்டு மலருக்கு எழுத வேறு பொருள் தேட வேண்டியதில்லை.