முதலில் கால் தரையில்

சிறுவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அப்பாவின் உயரமான சைக்கிளில் குறுக்கு பாருக்குக் கீழே காலை நுழைத்து, குரங்குப் பெடல் போட்டே பல தலைமுறைகள் சைக்கிள் கற்றன. விழுந்தால் முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நாற்பது வயதில் முதன்முறையாக சைக்கிள் ஏறுபவரின் நிலை வேறு. அடி பலமாக விழும். வேடிக்கை பார்ப்பவர்களும் அதிகம். அந்தக் கூச்சத்தில் அவர் கற்றுக்கொள்ளும் முன்பே கடைக்குப் போய், பளபளப்பான கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிவிடுகிறார். இரண்டு முறை விழுந்த பிறகு அது வராந்தாவில் துணி காயப்போடப் பயன்படுகிறது.

வாங்காமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதற்கு மைசூர் ஒரு உதாரணம். 2017 ஜூனில் அங்கு தொடங்கப்பட்ட 'ட்ரின் ட்ரின்' பொது சைக்கிள் திட்டத்தில் தொடக்கத்தில் 450 சைக்கிள்கள், 48 நிலையங்கள் இருந்தன. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விட முடிந்தது. அந்த வசதி இல்லாத ஊரில் வாடகை சைக்கிளோ, பக்கத்து வீட்டுப் பழைய சைக்கிளோ போதும்.

கற்பதற்கான சைக்கிளுக்குத் தேவை இரண்டே தகுதிகள். சீட்டில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். காலைத் தூக்கிப் போடாமல் ஏறி இறங்க, பார் தாழ்ந்திருக்க வேண்டும். பெடல்களைக் கழற்றிவிட்டு (இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்) லேசான சரிவில் காலால் உந்திச் சென்றால் சமநிலை பிடிபடும். பிறகு பெடலை மாட்டினால் போதும். நன்றாகப் பழகியதும் சீட்டை உயர்த்த வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருப்பதுதான் சரியான உயரம். இல்லாவிட்டால் முழங்கால் வலிக்கும்.

வாங்குவது இதற்குப் பிறகுதான். கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் சமதளத்தில் போய்வர, நிமிர்ந்து உட்காரும் கியரில்லாத சைக்கிளே போதும். புடவை கட்டுபவர்களுக்கு செயின் கவரும் பின்சக்கர வலையும் அவசியம். நகரத்தைவிட சுமார் 300 மீட்டர் உயர்ந்து நிற்கும் சாமுண்டி மலைக்கு ஏற ஆசையென்றால் கியர் வேண்டும். இறங்குவதற்கு அதைவிட முக்கியம், நல்ல பிரேக். தடித்த டயரும் ஸ்பிரிங்கும் கொண்ட மலை சைக்கிள் தார்ச்சாலையில் வீண் பாரம். வளைந்த ஹேண்டில்பார் உள்ள பந்தய சைக்கிள் ஆளை முன்னால் குனிய வைக்கும். போக்குவரத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய புதியவருக்கு அது ஆகாது.

ஆனால் கடைசி முடிவு ஓட்டுபவருடையது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களை சைக்கிள் ஏற வைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றார்கள். அவர்களில் சிலர் அதையே விரும்பியதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், எல்லோரும் இடைஞ்சல் என்று நினைத்த அந்தக் குறுக்கு பார்தான். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்.