கால் குட்டையா, கிளட்ச் தூரமா?

“பொம்பளைக்கு டிராக்டர் சரிப்பட்டு வராது” என்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எந்தப் பெண்ணின் காலை அளந்து அந்த டிராக்டரைச் செய்தார்கள்?

அளவு இல்லாமல் இல்லை. நம் நாட்டு விவசாய வேலையாட்களின் உடல் அளவுகளை வேளாண் பொறியாளர்கள் எடுத்தே வைத்திருக்கிறார்கள். ஆணின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ., பெண்ணின் உயரம் சுமார் 152. கால் நீளம், கை எட்டும் தூரம், மிதிக்கும் பலம் எல்லாவற்றிலும் வித்தியாசம் உண்டு.

என்னுடையது 20 குதிரைத்திறனுக்கும் குறைந்த மினி டிராக்டர். எஞ்சினும் சக்கரமும்தான் மினி. சீட்டின் நுனிக்கு வந்து, முதுகைச் சாய்க்காமல், இடுப்பை முன்னே தள்ளினால்தான் கிளட்ச் முழுதாக அமுங்கும். பாதி அமுங்கிய கிளட்ச்சில் கியர் போட்டால் கரகரவென்று சத்தம் வரும். வரப்பில் நிற்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் போதும்: “பாத்தியா, பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்.” வண்டியின் குறை இப்படித்தான் என் குறை ஆகிறது.

பட்டறையில் அரை நாள் வேலை. சீட் தகட்டில் புது ஓட்டை போட்டு மூன்று அங்குலம் முன்னே நகர்த்தினோம். கிளட்ச் மிதியின்மேல் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்து, ஃப்ரீ பிளேயைச் சரிபார்த்தோம். ஏறத் தாழ்வாக ஒரு படி, மட்கார்டில் ஒரு கைப்பிடி. பிரேக்கைத் தொடவில்லை, சீட் நகர்ந்ததுமே அது எட்டிவிட்டது. கழற்றிப் போட்டிருந்த பி.டி.ஓ. மூடியைத் திரும்ப மாட்டினோம். சுற்றும் தண்டில் சேலைத் தலைப்பு சிக்கினால் உயிர் போகும். எல்லாம் முடிந்ததும் மெக்கானிக் தம்பி கேட்டான்: “இந்தச் சொகுசெல்லாம் எதுக்குக்கா? பேசாம ஒரு டிரைவரைப் போட்டுக்குங்க.”

சொகுசாம்! ஆணின் முதுகுக்காக ஸ்பிரிங் சீட் வந்தபோதும், அவன் தோளுக்காகப் பவர் ஸ்டியரிங் வந்தபோதும் அதற்குப் பெயர் தொழில்நுட்ப வளர்ச்சி. என் கால் கிளட்ச்சை எட்டினால் மட்டும் சொகுசு.

இது பழைய கதையின் தொடர்ச்சி. ஏரைப் பெண் தொட்டால் ஆகாது என்று இந்த நாட்டின் பல ஊர்களில் விலக்கி வைத்தார்கள். இன்று விலக்க யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. எட்டாத மிதி அந்த வேலையைச் செய்கிறது. புதிய கருவி வரும்போதெல்லாம் அது ஆணின் கைக்குப் போகிறது, பெண் வெறுங்கையோடு நிற்கிறாள் என்று எஸ்தர் போசரப் 1970-லேயே எழுதினார். நடவு இயந்திரம் வந்தது. குனிந்து நட்டவளின் கூலி போனது. இயந்திரத்தை ஓட்டும் கூலி யாருக்குப் போனது என்று உங்கள் ஊரிலேயே பாருங்கள்.

அரசு உதவவில்லையா என்பீர்கள். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அவள் பெயரில் பில் போடலாம், அவள் கையெழுத்து வேண்டும். வண்டி மட்டும் அவள் காலுக்குப் பொருந்த வேண்டியதில்லை! வாங்குகிறவளாக அவளைத் தெரிகிறது, ஓட்டுகிறவளாகத் தெரியவில்லை.

நான் செய்த மாற்றம் எல்லோருக்கும் தீர்வு என்று சொல்ல மாட்டேன். என்னிடம் வண்டி இருந்தது, பட்டறைக்குக் கொடுக்கப் பணமும் இருந்தது. கூலிக்கு நடவு நட்ட பெண்ணிடம் இரண்டும் இல்லை. வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிராக்டர்கள் அவள் காலுக்கு எட்டினால், பயிற்சி பெற்று அவளே டிரைவராகலாம். பறிபோன கூலியை அந்த சீட்டில் உட்கார்ந்து மீட்கலாம்.

ஆகவே சலுகை எதுவும் கேட்கவில்லை. முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும் சீட், உயரம் மாற்றக்கூடிய மிதி, தாழ்வான படி. இவை கம்பெனியிலிருந்தே வரட்டும். பெண்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்காத வண்டிக்குப் பெண் பெயரில் மானியம் தராதீர்கள். அதுவரை பெண்ணுக்கு ஓட்ட வராது என்று சொல்கிற உரிமை யாருக்கும் கிடையாது.